கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மோல்மீனில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு தரம் கூலியைக் கூட்டியும் ஆட்கள் தாய்லாந்துக்குப் போய்விடுகிறார்கள். இருப்பவர்களும் ஏனோதானோ என்று தைக்கிறார்கள். மனிதனை உழைக்க வைப்பது பணம்தானா ஐயா?
(ஒரு வாசகர், மோல்மீன், பர்மா)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் 1987 செப்டம்பர் 5 நினைவுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை. ரங்கூனில் அப்பாவின் தையல் கடை. முந்தின நாள் மாலைதான் வாரக் கூலி கொடுத்திருந்தார். 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்துவிட்டது. மாற்றியும் தரவில்லை. (35-க்கும் 75-க்கும் நோட்டா என்று சிரிக்காதீர்கள். அடுத்து வந்தவை 45-ம் 90-ம்.)

திங்கட்கிழமை ஒருவரும் வரமாட்டார் என்றுதான் அப்பா நினைத்தார். கட்டிங் மாஸ்டர் வந்தார். காஜா (பொத்தான் துளை) எடுக்கும் பெரியவரும் வந்தார். ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாண ரவிக்கை பாதியில் கிடந்தது. மூன்றாமவர் வரவில்லை. ஐந்து பிள்ளைகள், கூலியை அரிசியாகவே கொடுத்த ஒரு மில்லுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். அப்பா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு ஊரார் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது கிறுக்குத்தனம்.

ஏன் வந்தீர்கள் என்று காஜா பெரியவரிடம் கேட்டேன். "வீட்டில் இருந்தால் அந்த நோட்டையே எண்ணிக்கொண்டு கிடப்பேன்" என்றார். அன்று அவர் எடுத்த காஜாவில் ஒரு பிசிறு இல்லை.

சரி, உங்கள் கடைக்கு வருகிறேன். ஆள் ஓடுவது வேறு, தையல் கெடுவது வேறு. ஓடுகிறவனை நிறுத்தப் பணம் உதவும். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 1914-ல் நாள் கூலியைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கி 5 டாலர் என்றார்; போவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் தாய்லாந்துக் கூலியோடு மோல்மீன் கடை மல்லுக்கட்ட முடியுமா? போகிறவனைக் கோபிக்காமல் அனுப்பி வையுங்கள்.

தையல் கெடுவதற்கு வருவோம். நீங்கள் கூட்டியது மாதச் சம்பளமா, உருப்படிக் கூலியா? அதை எழுதவில்லை. உருப்படிக்கு இவ்வளவு என்றால் அவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். நூல் பிசிறு வெட்ட யாருக்கு நேரம்? அப்பா ஒன்று செய்வார். போட்டுப் பார்க்க ஆள் வந்தால், தைத்தவரையே முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார். கழுத்து இறுக்குகிறது என்றாலும் கச்சிதம் என்றாலும் நேராக அவர் காதிலேயே விழும். முதல் வாரம் நெளிவார்கள். அப்புறம் கூப்பிடாமலே எட்டிப் பார்ப்பார்கள்.