கைத்துப்பாக்கிக்கு எந்த லைட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுப் பாதுகாப்புக்கென்று பிஸ்டல் வாங்கியிருக்கும் அமெரிக்கத் தமிழர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, குழலுக்குக் கீழே மாட்டும் லைட் பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் எல்லாம் அமெரிக்கச் சட்டத்தையும் அங்குள்ள வீடுகளையும் மனதில் வைத்துச் சொன்னவை.

கிளாக் 19 வாங்கியிருக்கிறேன். கடையில் 500 லூமனில் ஒன்று, 1,000 லூமனில் ஒன்று காட்டினார்கள். 1,000தானே நல்லது? (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது லூமன். விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம் அது. அந்த வெளிச்சம் எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. அதைப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் தேட வேண்டும்.

ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7ஏ 500 லூமன், 5,000 கேண்டெலா. அதே கம்பெனியின் டிஎல்ஆர்-1 ஹெச்எல் 1,000 லூமன், 20,000 கேண்டெலா. ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300 அல்ட்ராவும் 1,000 லூமன்தான், ஆனால் 11,300 கேண்டெலா. எக்ஸ்300 டர்போவில் லூமன் 650 ஆகக் குறைந்து கேண்டெலா 66,000 ஆக எகிறுகிறது. லூமனை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன வாங்குகிறோம் என்றே தெரியாது என்பதற்கு இந்த நான்கும் போதும்.

கேண்டெலாவை மீட்டர் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அந்த இடத்தில் விழும் வெளிச்சம் லக்ஸ் கணக்கில் கிடைக்கும். 10 மீட்டரில் டிஎல்ஆர்-7ஏ 50 லக்ஸ், டிஎல்ஆர்-1 ஹெச்எல் 200 லக்ஸ். வீட்டுக்குள் 10 மீட்டர் என்பதே நீளமான வராந்தா. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அங்கே 50 லக்ஸில் எதிரில் நிற்பவரின் முகமும் தெரியும், கையில் இருப்பது செல்போனா வேறு ஏதாவதா என்பதும் தெரியும். அதிகக் கேண்டெலா வீட்டுக்கு வெளியில்தான் வேலைக்கு வரும். பின்முற்றம், எதிரே தெருவிளக்கு, கறுப்புக் கண்ணாடி போட்ட கார் போன்ற இடங்களில் இன்னொரு வெளிச்சத்தைத் தாண்டி உள்ளே பார்க்க வேண்டியிருக்கும். டர்போ அதற்காகவே செய்யப்பட்டது. அறைக்குள் அதை அடித்தால் நடுவில் ஒரு கண்கூசும் வட்டம் விழும், ஓரத்தில் நிற்பவர் இருட்டில் இருப்பார்.

உங்கள் கிளாக் 19 பெட்டகத்தை விட்டு நகராது என்றால் டிஎல்ஆர்-1 ஹெச்எல். இடுப்பிலும் வைப்பீர்கள் என்றால் சின்னதான டிஎல்ஆர்-7ஏ. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் நம் கண்ணே இருண்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். இருட்டறையில் ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி சத்தம் கேட்டால் துப்பாக்கி லைட்டை அடித்தே வீட்டைப் பார்த்துவிடலாம் அல்லவா? தனி டார்ச் எதற்கு? (எடிசன், நியூ ஜெர்சி)

கூடாது. லைட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் குழல் வாயும் திரும்புகிறது. சமையலறையில் யார் என்று பார்க்க அதை அடித்தால், தண்ணீர் குடிக்க எழுந்து வந்த உங்கள் மகளின் மேல் தோட்டா போட்ட துப்பாக்கியை நீட்டியிருப்பீர்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மா நேர வித்தியாசத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு நடமாடுவது நம் வீடுகளில் சகஜம். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல் வாயைத் திருப்பாதே என்பது துப்பாக்கிப் பயிற்சியின் அடிப்படை விதிகளில் ஒன்று. லைட் மாட்டியதால் அந்த விதியில் சலுகை எதுவும் கிடையாது.

தேடுவதற்குக் கையில் பிடிக்கும் டார்ச். துப்பாக்கியை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, எதிரில் இருப்பவர் யார், கையில் என்ன என்று உறுதி செய்துகொள்ளத்தான் துப்பாக்கி லைட். இந்த இரண்டு வேலைகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆபத்தே வருகிறது. துப்பாக்கிக்கு 150 டாலரில் லைட் வாங்குபவர் அந்தக் காசில் ஒரு பகுதியை நல்ல கை டார்ச்சுக்கு ஒதுக்கட்டும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கை டார்ச்சை வாங்குங்கள்.

இன்னொன்றும் பழக வேண்டும். 1,000 லூமன் லைட்டை நேரே நீட்டாமல் தரையைப் பார்த்துப் பிடித்தாலே, வெளிச்சம் தரையிலும் கூரையிலும் பட்டுச் சிதறி அறை முழுக்கப் பரவும். யார் மீதும் குழலைத் திருப்பாமலே ஆளை அடையாளம் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுத் தரைவிரிப்பு கறுப்பா வெளுப்பா என்பதைப் பொறுத்து இது மாறும். தோட்டா நீக்கிய துப்பாக்கியோடு, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் சோதித்துப் பாருங்கள். மாடியில் உங்கள் தரை கீழே இருப்பவரின் கூரை என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம், சுவரில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அறை விளக்கைப் போடுவது பல நேரம் இது எல்லாவற்றையும் விட நல்ல யோசனை. பிள்ளைகளை ஒரே அறைக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, 911ஐ அழைத்துவிட்டு அங்கேயே இருப்பது அதைவிட நல்லது. வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போவது பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே தனியாகச் செய்யத் தயங்கும் வேலை.

கைப்பிடியைப் பிடித்தாலே எரிகிற மாதிரி, கைப்பிடியின் முன்பக்கம் அழுத்து சுவிட்ச் வைத்த லைட் இருக்கிறதாமே? வசதியாகத் தோன்றுகிறது. (டிராய், மிச்சிகன்)

வசதிதான். எனக்குப் பிடிக்காது. அந்தச் சுவிட்ச் விசையை (டிரிக்கர்) சுற்றியிருக்கும் விசைக்கூண்டுக்குக் கீழே, நடுவிரல் படும் இடத்தில் இருக்கும். பதற்றத்தில் ஒரு விரலை இறுக்கினால் பக்கத்து விரலும் சேர்ந்து இறுகும். பக்கத்து விரல் விசையில் இருந்தால்? 2010இல் டெக்சஸ் மாநிலம் பிளானோவில் நடந்தது இதுதான். போதைப்பொருள் வழக்கில் ஒருவரைப் பிடிக்கப் போன போலீஸ் அதிகாரி, லைட் சுவிட்சை அழுத்துவதாக நினைத்து விசையை அழுத்திவிட்டதாகச் சொன்னார். எதிரில் இருந்தவர் இறந்துபோனார்.

லைட்டை எரியவைக்க வேண்டியது துணைக்கையின் கட்டைவிரல். விசை விரலுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. டிஎல்ஆர்-1 ஹெச்எல், எக்ஸ்300 இரண்டிலும் லைட்டின் பின்பக்கம் விசைக்கூண்டுக்கு முன்னால் இருபுறமும் நெம்புகோல் இருக்கும். அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிவது ஒன்று, தொடர்ந்து எரிவது இன்னொன்று. இரண்டுக்கும் இரண்டு அசைவு. கட்டைவிரல் குட்டையாக இருந்தால் எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். டிஎல்ஆர்-7ஏயில் பின்பக்கச் சுவிட்சுகளை உயரமானது, தாழ்வானது என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சின்னக் கைக்கு அது பெரிய உதவி.

மினுக்கி மினுக்கி எரியும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். அந்த வெளிச்சத்தில் எதிராளி குழம்புகிறாரோ இல்லையோ, நமக்குச் சரியாகத் தெரியாது.

நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். பிஸ்டலும் லைட்டும் வாங்கலாமா? (இர்விங், டெக்சஸ்)

லைட் வாங்குவதில் பிரச்சினை இல்லை. துப்பாக்கிதான் சிக்கல். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு கிடைத்தவருக்கு இந்தத் தடை இல்லை. விதிவிலக்கை நம்பிக் கடைக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இதில் தவறினால் அது கிரிமினல் குற்றம், விசாவும் சேர்ந்து போகும்.

அண்ணா, என்னிடம் சிக் சாவர் பி365 இருக்கிறது. பெர்மிட் எடுத்துத் தினமும் இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். சின்ன லைட் ஒன்று போட்டால் நல்லதா? ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) அதேதான் போதுமா? (ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)

இப்போது இருக்கும் ஹோல்ஸ்டர் உதவாதும்மா. இதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை. லைட் போட்ட துப்பாக்கிக்கான கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர்களில் பல, துப்பாக்கியைப் பிடிப்பதற்குப் பதில் லைட்டைத்தான் பிடித்துக்கொள்கின்றன. அதனால் இந்தத் துப்பாக்கி, இந்த லைட் என்ற ஜோடிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். முதலில் உங்களுக்குப் பிடித்த ஹோல்ஸ்டரைத் தேடுங்கள், அது எந்த லைட்டுக்குக் கிடைக்கிறதோ அந்த லைட்டை வாங்குங்கள். தலைகீழாகச் செய்தால் ஹோல்ஸ்டருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

பி365இல் குழலுக்குக் கீழே லைட் மாட்டும் தடம், அதாவது ரெயில், சிக் கம்பெனியின் சொந்த வகை. எல்லா லைட்டும் அதில் உட்காராது. சின்னத் துப்பாக்கிகளுக்கான டிஎல்ஆர்-7 சப் என்பதை ஒவ்வொரு துப்பாக்கி வகைக்கும் தனித்தனி மாடலாக விற்கிறார்கள், பெட்டியில் பி365 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். இதே கேள்வியைக் கேட்ட கிளாக் 43எக்ஸ்காரருக்கு: சாதாரண 43எக்ஸில் ரெயிலே கிடையாது, எம்ஓஎஸ் (ரெட் டாட் மாட்ட இடம் விட்ட) வகையில் உண்டு.

வந்ததும் இதைச் சோதியுங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஹோல்ஸ்டரில் செருகி, மேலிருந்து விசைக்கூண்டைப் பாருங்கள். அகலமான லைட்டுக்குச் செய்த ஹோல்ஸ்டரில் வாய் அகலமாக இருப்பதால் பக்கவாட்டில் இடைவெளி விழும். விரலோ, சட்டையின் கயிற்று முடிச்சோ, துப்பட்டா நுனியோ உள்ளே போய் விசையைத் தொட வழி இருந்தால் அந்த ஹோல்ஸ்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். டிஎல்ஆர்-7 போன்ற ஒடுக்கமான லைட்டுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

அவசியமா என்று கேட்டால், தினமும் வைத்துக்கொள்ளும் சின்னத் துப்பாக்கிக்கு நான் வற்புறுத்த மாட்டேன். கைப்பையில் ஒரு நல்ல சின்ன டார்ச் இருக்கட்டும். பார்க்கிங்கில் கார் சாவி விழுந்தாலும் அதுதான் உதவும்.

ஆன்லைனில் எக்ஸ்300 மாதிரியே ஒன்று 40 டாலருக்குக் கிடைக்கிறது. அசல் 300 டாலருக்குப் பக்கத்தில் விற்கிறது. வித்தியாசம் என்ன? (கேரி, வட கரோலினா)

அவை பெரும்பாலும் பிளாஸ்டிக் குண்டு விளையாட்டுத் துப்பாக்கிக்குச் செய்த நகல்கள். அதில் பின்னுதைப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 9 மில்லிமீட்டர் பிஸ்டலில் ஒவ்வொரு தடவை சுடும்போதும் பேட்டரி முன்னும் பின்னும் மோதும். தொடர்பு ஒரு கணம் விட்டால் லைட் அணையும், அல்லது ரெயிலிலிருந்து கழன்று கீழே விழும். 300 டாலர் வேண்டாம் என்றால் நகலுக்குப் போகாமல் டிஎல்ஆர் வரிசைக்கு வாருங்கள்.

அசலாகவே இருந்தாலும், லைட் மாட்டிய பிறகு துப்பாக்கியை மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். .40 காலிபர் கிளாக் 22இன் மூன்றாம் தலைமுறையில் லைட் மாட்டினால் தோட்டா சரியாக ஏறாமல் சிக்குகிறது என்று அமெரிக்கப் போலீஸ் துறைகளில் பரவலாகப் புகார் வந்தது. மேகசின் (தோட்டாக்கூடு) ஸ்பிரிங்கை வலுவானதாக மாற்ற வேண்டியிருந்தது. லைட் இல்லாமல் ஒழுங்காக வேலை செய்த துப்பாக்கி லைட்டோடும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டினால் லேசாக ஆடுகிறது. (அரோரா, இல்லினாய்)

பெட்டியில் சின்னச் சின்ன ரெயில் சாவிகள் சில இருக்கும், பார்த்தீர்களா? கிளாக்குக்கு ஒன்று, பிகாட்டினி எனும் பொதுவகை ரெயிலுக்கு ஒன்று என்று. தவறானதைப் போட்டிருப்பீர்கள். மாற்றுவதற்கு முன் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையில் (சேம்பர்) எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். லைட்டை மாட்டும்போதும் கழற்றும்போதும் விரல்கள் குழல் வாய்க்கு முன்னால் வந்துவிடும்.

பேட்டரி எவ்வளவு நாள் வரும்? (பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி)

எரியவிட்டால் ஒன்றரை மணி நேரம் போல. சும்மா வைத்தால் சிஆர்123ஏ லித்தியம் பேட்டரிக்கு 10 வருட ஆயுள் போட்டிருப்பார்கள். அதை நம்பி விட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் நாளில் புகை அலாரத்தின் பேட்டரியை மாற்றுவது வழக்கம். அன்றைக்கே இதையும் மாற்றிவிட்டு, எடுத்ததைக் கை டார்ச்சில் போட்டுத் தீர்க்கலாம். இரண்டு பேட்டரி போடும் லைட்டில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள், சூடேறி வெடிக்கக்கூடும். சார்ஜ் செய்யும் பேட்டரியில் மின்னழுத்தம் அதிகம். லைட்டின் கையேட்டில் அனுமதி இருந்தால் மட்டும் போடுங்கள்.

லேசரும் சேர்ந்த மாடல் வாங்கலாமா? (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

அந்தக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்யுங்கள்.

படுக்கையறையில் விரல்ரேகைப் பெட்டகம் வைத்திருக்கிறோம். லைட் மாட்டியதும் மூடமாட்டேன் என்கிறது. (பிளானோ, டெக்சஸ்)

இது பலருக்கும் நடக்கிறது. சின்னப் பெட்டகங்களின் உள்ளளவு வெறும் துப்பாக்கிக்குக் கணக்குப் பார்த்தது. டிஎல்ஆர்-1 அளவு லைட் போட்டால் உயரமும் அகலமும் கூடிவிடும். பெட்டகத்தை மாற்றுங்கள், அல்லது லைட்டைச் சின்னதாக்குங்கள். மூடவில்லை என்பதற்காக மேசை இழுப்பறைக்கு மாற்றிவிடாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னொன்று, திணித்து வைத்தால் சுவிட்ச் அழுந்தி உள்ளேயே லைட் எரிந்துகொண்டிருக்கும். 1,000 லூமன் லைட் சூடேறி எதிரில் உள்ள நுரைமெத்தையைப் பொசுக்கும், வேண்டிய நாளில் பேட்டரியும் இருக்காது.

என் பிஸ்டலில் ரெட் டாட்டும் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) இருக்கிறது. லைட் போட்டதும் புள்ளியே காணாமல் போகிறது. லைட்டின் லென்ஸும், சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்வந்தால் கறுத்துவிடுகிறது. (சான் அன்டோனியோ, டெக்சஸ்)

இருட்டுக்கென்று புள்ளியின் பிரகாசத்தைக் குறைத்து வைத்திருப்பீர்கள். லைட் பட்டதும் எதிர்ச்சுவர் பகல் போலாகிவிடும், மங்கல் புள்ளி அதில் கரைந்துபோகும். தானாகவே பிரகாசத்தை மாற்றிக்கொள்ளும் வகையிலும் இந்தச் சங்கடம் வரும். அதன் உணரி நீங்கள் நிற்கும் இருட்டை அளக்கிறது, குறி இருப்பதோ வெளிச்சத்தில். இருட்டறையில் வெள்ளைச் சுவரில் லைட் அடித்து, அதன் மேல் புள்ளி தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கூட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். லைட் இல்லாமல் பார்த்தால் கொஞ்சம் பூத்த மாதிரி தெரியும், பரவாயில்லை.

லென்ஸில் படிவது குழல் வாயிலிருந்து வரும் கரி. ரேஞ்சுக்குப் போகும் முன் லென்ஸில் லேசாக வாசலின் அல்லது லிப் பாம் தடவுங்கள், வந்ததும் துணியால் துடைத்தால் கரியும் சேர்ந்து வந்துவிடும். ஏற்கெனவே கெட்டியாகப் படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்து, கடைசியாக ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை. வீட்டுக்கு வந்ததும் அந்த வாசலினைத் துடைக்காமல் பெட்டகத்தில் வைத்தால் வெளிச்சம் மங்கலாகத்தான் வரும்.