மின்விசிறியில் கெப்பாசிட்டர் பழுதா? சோதித்தறியும் முறைகள்: கேள்வி பதில்

கேள்வி (கோவில்பட்டி): சுவிட்சைப் போட்டால் எங்கள் சீலிங் ஃபேன் ‘உம்’ என்று முனகுகிறதே தவிரச் சுற்றுவதில்லை. ஒட்டடைக் கம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது. ஃபேனையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகம்; கண்டென்சர் என்றும் சொல்வார்கள்) பழுதின் அடையாளம். ஃபேன் மோட்டாருக்குள் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என இரண்டு வைண்டிங்குகள் (கம்பிச் சுருள்கள், அதாவது காயில்கள்) இருக்கின்றன. ஸ்டார்ட்டிங் வைண்டிங்குடன் தொடராக இணைக்கப்பட்டுள்ள கெப்பாசிட்டர், அதில் ஓடும் மின்னோட்டத்தை மற்றதைவிடச் சற்று முந்தச் செய்வதால்தான் சுழலும் காந்தப்புலம் உண்டாகிறது. கெப்பாசிட்டர் செயலிழந்துவிட்டால் காந்தப்புலம் இருந்த இடத்திலேயே துடிக்கும்; சுழலாது. அந்த நிலையில் இறக்கையை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கமே அது ஓடும். எனவே உலர்ந்த மரக்கட்டையால் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அப்படியே தலைகீழாகத் தொடர்ந்து சுற்றினால் கெப்பாசிட்டர், அதன் ஒயர், ஸ்டார்ட்டிங் வைண்டிங் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. முனகிக்கொண்டிருக்கும் ஃபேனை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. வைண்டிங் சூடேறிக் கருகிவிடும்.

கேள்வி (கும்பகோணம்): எங்கள் ஃபேன் தானாகவே சுற்றுகிறது, ஆனால் ஐந்தில் வைத்தாலும் காற்று வருவதில்லை. இதற்கும் கெப்பாசிட்டர் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம், ஆனால் உடனே அதன்மேல் பழி போட வேண்டாம். மாலை நேரத்தில் மட்டும் வேகம் குறைகிறது என்றால், சுவிட்ச் போர்டில் வோல்டேஜை அளந்து பாருங்கள். 180 வோல்ட் வந்தால் எந்த ஃபேனும் சோம்பித்தான் சுற்றும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் பல சுற்று ஓடி நிற்க வேண்டும். கரகரவென்று இழுத்து உடனே நின்றால் பேரிங் போய்விட்டது. இவை இரண்டும் சரியாக இருந்து, வேகம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்து வந்திருந்தால் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அதற்குள் இருப்பது மிக மெல்லிய உலோகப் பூச்சுள்ள பாலிபுரொப்பிலீன் படலம். படலத்தில் எங்காவது துளை விழுந்தால், துளையைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகிப் பழுது தானே அடைபட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் சிறிது பரப்பு பறிபோகிறது, தேக்கும் திறன் 2.5 மைக்ரோ ஃபாரட் (அத்திறனை அளக்கும் அலகு) இருந்தது நாளடைவில் 2 ஆகி, 1.5 ஆகித் தேய்கிறது. வெப்பம் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும்.

கேள்வி (திருப்பூர்): மல்டிமீட்டர் இருக்கிறது. நானே சோதிக்க விரும்புகிறேன். முறையாகச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) இறக்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருப்பதுண்டு, அப்போது சுவிட்சை அணைத்தாலும் ஃபேனுக்குள் ஃபேஸ் (உயிருள்ள மின்சாரம்) இருந்துகொண்டே இருக்கும். மேலே ஏறியதும் ராடில் உள்ள கப்பை இறக்கி, ஒயர்களில் மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்யுங்கள். இணைப்புகளைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும்.

அடுத்து கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே சில நொடிகள் பிடித்தால் போதும். பிறகு அதன் இரண்டு ஒயர்களில் ஒன்றையாவது கட்டாயம் கழற்றுங்கள். இணைப்பில் வைத்தே அளந்தால் வைண்டிங்கும் சேர்ந்துகொண்டு தவறான எண்ணைக் காட்டும். நல்ல கெப்பாசிட்டர்கள் பல இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

மீட்டரைக் கெப்பாசிட்டன்ஸ் நிலையில் வைத்து அளந்து, மேலே அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். 2.5 மைக்ரோ ஃபாரட், கூடுதல் குறைவு 5 சதவீதம் என்றால் 2.38 முதல் 2.62 வரை சரி. 2.25க்குக் கீழே இறங்கியதை நான் திரும்ப மாட்டுவதில்லை. ஒன்றை நினைவில் வையுங்கள்: மீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கிறது, வீட்டு வோல்டேஜில் மட்டும் தலைகாட்டும் பழுது அதில் தெரியாமல் போகலாம். உடல் உப்பியிருந்தாலோ, வெடிப்பு விட்டிருந்தாலோ எண் சரியாக வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (வேலூர்): என் மீட்டரில் ஓம் மட்டுமே உள்ளது.

பதில்: மின்னூட்டத்தை வெளியேற்றிய பிறகு உயர்ந்த ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். முள் மீட்டர் என்றால் முள் ஒருமுறை துள்ளித் திரும்ப வேண்டும். டிஜிட்டல் என்றால் எண் ஏறிக்கொண்டே போய் அளவு கடந்துவிட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் ஷார்ட் (உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டன), அசைவே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஓப்பன் (உள்ளே இணைப்பு அறுந்தது). பாதியாகத் தேய்ந்த கெப்பாசிட்டரை இதனால் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி (மதுரை): எங்கள் எலக்ட்ரீஷியன் கண்டென்சரை நேரடியாகப் பிளக்கில் செருகி எடுத்து, இரண்டு முனையையும் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கிறார். அது சரியான முறையா?

பதில்: இல்லை. 230 வோல்ட் இணைப்பின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்; அந்த அளவுக்கு ஏறிய கெப்பாசிட்டர் கையில் பட்டால் ஏணியிலிருந்து விழ வைக்கும். உரசும்போது படலமும் முனையும் சேதமடையக்கூடும். அதைவிட முக்கியமாக, 1.2 மைக்ரோ ஃபாரடாகத் தேய்ந்ததும் நன்றாகவே பொறி விடும். அவர் அதை மாட்டிவிட்டு, காற்று வராததற்குக் காயிலைக் குறை சொல்வார்.

கெப்பாசிட்டருடன் தொடராக ஒரு பல்பை இணைத்து மின்சாரம் கொடுக்கும் சீரியஸ் லேம்ப் முறை இதைவிடத் தேவலை, அனுபவமுள்ளவர் செய்தால். 60 வாட் குண்டு பல்பு மங்கலாக எரிந்தால் உயிர் இருக்கிறது, முழு வெளிச்சம் என்றால் ஷார்ட், எரியாவிட்டால் ஓப்பன். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

கேள்வி (நாகர்கோவில்): 2.5 இல்லை என்று கடையில் 3.15 கொடுத்தார்கள். போடலாமா? 230 வோல்ட் இணைப்புக்கு 440 வோல்ட் கெப்பாசிட்டர் எதற்கு?

பதில்: வேகம் சற்றுக் கூடுவதுபோல் தெரியும், அதற்கான விலையை வைண்டிங் சூட்டில் கொடுக்கும். தயாரிப்பாளர் குறித்த அளவையே கேட்டு வாங்குங்கள். ஃபேன் ஓடும்போது கெப்பாசிட்டரின் முனைகளுக்கிடையே வீட்டு வோல்டேஜைவிட அதிகம் நிற்கும் என்பதால்தான் 440 என்று போடுகிறார்கள். 250 வோல்ட்டில் மலிவாகக் கிடைப்பதையோ, டி.சி. எலக்ட்ரோலிட்டிக் வகையையோ மாட்டக் கூடாது, பின்னது வெடிக்கும்.

கேள்வி (சேலம்): மூன்றுவரை ஃபேன் சுற்றவே இல்லை, ஐந்தில் மட்டும் நன்றாக ஓடுகிறது.

பதில்: ஃபேனை இறக்காதீர்கள். ஸ்டெப் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்குள்ளும் கெப்பாசிட்டர்கள் உண்டு. ஐந்தில் மட்டும் அவை விலகிக்கொண்டு நேரடி இணைப்பு கிடைக்கும். மாற்ற வேண்டியது ரெகுலேட்டரை.

கேள்வி (புதுச்சேரி): புதிய கெப்பாசிட்டர் மாட்டினேன், ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது.

பதில்: கெப்பாசிட்டருக்கு முனை பேதம் கிடையாது, அதைத் திருப்பிப் போடுவதால் ஒன்றும் மாறாது. சப்ளை ஒயர் கெப்பாசிட்டரின் ஒரு முனையில் சேர வேண்டியது, மறுமுனையில் சேர்ந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி அந்த ஒன்றை மட்டும் இடம் மாற்றுங்கள். கீழிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாக ஓடும்.

கேள்வி (ஈரோடு): புதியது போட்டும் முனகல் நிற்கவில்லை.

பதில்: கெப்பாசிட்டரை முழுவதும் விலக்கிவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக ஓமில் அளந்து பாருங்கள். கிடைக்கும் மூன்று அளவுகளில் பெரியது, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். ஒன்றிலாவது தொடர்பே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. ரீவைண்டிங் (காயிலை மீண்டும் சுற்றும்) கூலியைக் கேட்டுவிட்டுப் புதிய ஃபேனின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.