வீட்டிலிருந்து வேலையா, ரிமோட் வேலையா? கேள்வி பதில்

ஐடி நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் ஆஃபர் லெட்டர் தயாரிப்பதும் சம்பளக் கணக்கு பார்ப்பதும்தான் என் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

கே: வீட்டிலிருந்து வேலை, ரிமோட் வேலை, இரண்டும் ஒன்றுதானே? (கோவை, டெஸ்டர்)

உட்காரும் நாற்காலியைப் பார்த்தால் ஒன்றுதான். ஆஃபர் லெட்டரை எடுத்துப் 'பணியிடம்' என்ற வரியைப் பாருங்கள். 'பணியிடம்: சென்னை. நிர்வாகத் தேவைக்கேற்ப மாறலாம்' என்று இருந்தால் நீங்கள் சென்னை ஆபீஸ் ஊழியர். வீட்டிலிருந்து பார்க்க அனுமதி தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு மெயிலில் வந்த அனுமதி இன்னொரு மெயிலில் போய்விடும். ரிமோட் என்றால் அந்த வரியிலேயே 'ரிமோட்' என்றோ உங்கள் ஊர் பெயரோ இருக்கும். அதை மாற்றப் பெரும்பாலும் உங்களிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் அடுத்த பத்தியில் 'தேவைப்பட்டால் அலுவலகம் வர வேண்டும்' என்று பொடி எழுத்தில் சேர்த்திருப்பார்கள். அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கே: பேஸ் லொகேஷன் (கம்பெனிக் கணக்கில் என் பணியிடம்) பெங்களூரு. 2020-லிருந்து தென்காசியில் இருந்து வேலை பார்க்கிறேன். இப்போது வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்கிறார்கள். மறுக்க முடியுமா?

சட்டப்படி பிடித்துக்கொள்ள நம் நாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, பேறுகால விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு வழி வைத்தார்கள். அதுகூட வேலையின் தன்மை இடம் கொடுத்து, நிறுவனமும் ஒப்புக்கொண்டால்தான்.

உங்கள் கம்பெனி சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வரிச்சலுகையில் வாங்கிய கம்ப்யூட்டரை வெளியே கொண்டுபோவதற்கே விதி வேண்டும். 2022 ஜூலையில் அதற்கான 43ஏ விதி வந்தபோது பாதி ஊழியர்களுக்கு, அதுவும் ஒரு வருடம் வரைதான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்தார்கள். அந்த டிசம்பரில்தான் எல்லாருக்கும் என்று தளர்த்தினார்கள். ஆக, கூப்பிடுவது எப்போதும் மேனேஜரின் பிடிவாதம் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சண்டைக்குப் போகாமல் இரண்டு கேட்பேன்: வீடு மாற்ற மூன்று மாத அவகாசம், அல்லது தமிழ்நாட்டுக் கிளை ஏதாவது இருந்தால் அங்கே பேஸ் லொகேஷன் மாற்றம். எதைக் கேட்டாலும் மெயிலில் கேளுங்கள். டீ குடிக்கும்போது மேனேஜர் சொன்ன 'பார்த்துக்கலாம்' மனிதவளப் பிரிவில் செல்லாது.

கே: மதுரையில் சொந்த வீட்டில் இருக்கிறேன். எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) கிடைக்குமா?

சம்பளத்தில் வரும், வரிவிலக்குக் கிடைக்காது. வாடகை கொடுப்பவருக்குத்தான் விலக்கு, அதுவும் பழைய வரிமுறையில் மட்டும். வீடு அப்பா பெயரில் இருந்து அவருக்கு நிஜமாகவே வாடகை கொடுத்தால் கேட்கலாம். வங்கி வழியாக அனுப்புங்கள். அவரும் தன் வருமானத்தில் காட்ட வேண்டும்.

கே: அமெரிக்க கம்பெனி ஒன்று முழு ரிமோட் வேலை தருகிறது, ஆனால் 'கான்ட்ராக்டர்' என்கிறார்கள். இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு. போகலாமா?

அந்த ஒன்றரை மடங்கை அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் இனி ஊழியர் இல்லை, சேவை விற்பவர். கம்பெனி போடும் பிஎஃப் பங்கு இல்லை, கிராஜுவிட்டி இல்லை, சம்பளத்தோடு விடுப்பு பெரும்பாலும் இல்லை, அம்மா அப்பாவுக்குச் சேர்த்து எடுத்த மருத்துவக் காப்பீடும் போய்விடும். வயதானவர்களுக்குத் தனியாகக் காப்பீடு எடுக்கப் போனால் பிரீமியத்தைப் பார்த்தே பாதிப் பேர் யோசிக்கிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஏற்றுமதிச் சேவையாகக் கணக்கில் வந்தால் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி கட்டாமல் பில் போடலாம். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் தவறக்கூடாது. வருமான வரியில் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய முறை உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். பொருந்தினால் நல்ல மிச்சம்.

முக்கியமாக, ஒப்பந்தத்தை முறிக்க எத்தனை நாள் நோட்டீஸ் என்று பாருங்கள். ஏழு நாள் என்று இருந்தால், ஆறு மாதச் செலவுப் பணம் கையில் இல்லாமல் போகாதீர்கள். இதே கம்பெனி, இந்தியாவில் பதிவான ஒரு இடைநிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் உங்களைச் சேர்க்கத் தயார் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதை எடுங்கள் என்பேன்.

கே: வீட்டிலிருந்துதானே வேலை, யாருக்கும் சொல்லாமல் ஒரு மாதம் தாய்லாந்தில் இருந்து பார்த்தால் என்ன?

நீங்கள் சொல்லாவிட்டாலும் லேப்டாப் சொல்லும். கம்பெனி நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன்-இல் நுழைந்த உடனே எந்த நாடு என்று பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிந்துவிடும். வாடிக்கையாளரின் தரவு நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால் நேரே ஒழுங்கு நடவடிக்கைதான். போதாததற்கு சுற்றுலா விசாவில் வேலை பார்க்கிற சிக்கல் வேறு. இப்படி வேலை பார்ப்பவர்களுக்கென்றே எஸ்டோனியா 2020-இல் தனி விசா கொண்டுவந்தது. பிறகு பல நாடுகள் தொடங்கின. ரிமோட் வேலையில் இருப்பவரும் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கே: மின்வாரியம் பராமரிப்பு என்று மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு கரண்டை நிறுத்தினால் மதியம் வரை வருவதில்லை. அன்று லீவு போடச் சொல்கிறார் மேனேஜர். நியாயமா?

நியாயமில்லை, ஆனால் ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிவிட்டால் பேச்சே வராது. மின்தடை அறிவிப்பை முந்தின நாளே டீமுக்கு அனுப்பிவிடுங்கள்.

கே: இது முதல் வேலை. எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆபீஸ் போங்கள் தம்பி. இரண்டு வருடமாவது.

கே: விளம்பரத்தில் 'ரிமோட்' என்று போட்டு, சேர்ந்த பிறகு கூப்பிடுகிறார்கள். முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

இன்டர்வியூவில் இரண்டு கேள்வி கேளுங்கள். 'மேனேஜர் எங்கே உட்காருகிறார்?' 'டீமில் வேறு யார் யார் ரிமோட்?' மேனேஜரும் மற்றவர்களும் ஒரே ஆபீஸில் இருந்து நீங்கள் ஒருவர் மட்டும் திரையில் என்றால், முடிவுகள் கேன்டீனில் எடுக்கப்படும், உங்களுக்கு மறுநாள் தெரியும். அப்புறம், மடிக்கணினி, இணையச் செலவு யார் தருவது என்றும் கேளுங்கள். உண்மையில் ரிமோட்டாக நடக்கும் இடத்தில் இதற்குச் சட்டென்று பதில் வரும். 'சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றால், ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் வரை இப்போதைய வேலையில் பேப்பர் (ராஜினாமா) போடாதீர்கள்.