பீப்பாயை மட்டும் பிரிண்ட் செய்யாதீர்கள்

கேள்வி: காங்கேயம் பக்கம் பொறுக்கிய குவார்ட்ஸ், சந்திரகாந்தக் கற்களை மெருகேற்ற ஒரு டம்ப்ளர் (கல், தூள், தண்ணீர் போட்டு உருட்டும் பீப்பாய் இயந்திரம்) செய்கிறேன். எல்லாப் பாகங்களையும் த்ரீடி பிரிண்டரிலேயே எடுத்தேன். பீப்பாய் ஒழுகுகிறது, மோட்டார் தாங்கி வளைந்துவிட்டது. என்ன தவறு?

பதில்: பிரிண்டர் மேல் தவறில்லை. தாங்கிப் பிடிக்கும் பாகங்களைத் தாராளமாக பிரிண்ட் செய்யலாம். கல் உராயும் பீப்பாய்க்கு அது ஒத்துவராது. அடுக்குகளுக்கு இடையே நுண்ணிய இடுக்கு இருக்கும், அதில் தண்ணீர் கசியும். அரைக்கப் போடும் சிலிக்கான் கார்பைடு தூளின் கடினம் கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 9-க்கு மேல். வாரக்கணக்கில் உருளும்போது அது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

110 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். ஒரு முனைக்கு மூடியை ஒட்டிவிடுங்கள், மறுமுனைக்குத் திருகு மூடி. பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் கேட்டு வாங்கி உள்ளே ஒட்டினால் சத்தம் பாதியாகும், குழாயும் தேயாது.

தாங்கி வளைந்ததற்குக் காரணம் சூடு. நீங்கள் பிஎல்ஏ என்ற சாதாரண பிரிண்டர் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அது 60 டிகிரியிலேயே இளகும். இரவும் பகலும் ஓடும் மோட்டார் அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டும். எனக்கும் இது நடந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் மோட்டார் தலை சாய்ந்து, பீப்பாயைச் சுமந்து சுழற்றும் ரோலரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் சூடு தாங்கும் பிஇடிஜி பிளாஸ்டிக்கில் சுவர் தடிமனாக எடுங்கள், மோட்டாரைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விடுங்கள். ரோலர் சுழலும் பேரிங்குக்கு ரப்பர் மூடியுள்ள 608 எண் பேரிங் போதும். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ., தாங்கியில் அதற்கான துளையை 22.2 மி.மீ. வைத்தால் அழுத்தி உட்காரும். பீப்பாய் ஓரமாக நகர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க முனையில் ஒரு பேரிங்கைப் படுக்கவைத்துப் பொருத்துங்கள்.

வேகம் முக்கியம். 8 மி.மீ. கம்பிமேல் ரப்பர் குழாய் மாட்டி 16 மி.மீ. ரோலர் ஆக்கி, 300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 300 சுற்று) கியர் மோட்டாரை நேராக இணைத்தால் பீப்பாய் நிமிடத்துக்குச் சுமார் 44 முறை சுற்றும். கற்கள் சரிந்து உருள இது சரியான வேகம். அதிகமானால் மேலிருந்து விழுந்து விளிம்பு உடையும்.

பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு கல், கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தண்ணீர். முதலில் சிலிக்கான் கார்பைடு 60/90 தூள் (எண் கூடக் கூடத் தூள் நைசாகும்), கல் கிலோவுக்கு நாலு மேசைக்கரண்டி. அப்புறம் 120/220, 500, கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம். முதல் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே போகாத குழி பிறகு போகவே போகாது. கல்லைத் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள், ஈரத்தில் எந்தக் கல்லும் மின்னும். தூள் மாற்றும்போது பீப்பாயையும் கல்லையும் நன்றாகக் கழுவுங்கள், ஒரு பருக்கைத் தூள் ஒட்டியிருந்தாலும் மெருகில் கீறல் விழும். வாயு சேரலாம் என்பதால் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள்.

இரண்டு கல்லையும் ஒன்றாகப் போடாதீர்கள். குவார்ட்ஸின் கடினம் 7, சந்திரகாந்தம் 6, அதோடு அது தளம் தளமாகப் பிளக்கும் கல். அதைத் தனியாக, இடையிடையே பீங்கான் உருண்டைகள் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். கழிவுச் சேற்றைச் சிங்க்கில் ஊற்றினால் சிமென்ட் போல இறுகிவிடும். வாளியில் படியவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, சேற்றைக் குப்பையில் போடுங்கள்.