பி.எஸ்.ஏ. 5.2: புற்றுநோயா, பழைய சலக்கடுப்பா?

கேள்வி: எனக்கு 61 வயது. உப்புவெளியில் இருக்கிறேன். கனடாவில் உள்ள அண்ணாவுக்குப் போன வருடம் புரொஸ்டேட் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அவர் விடாமல் சொன்னதால் நானும் பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதத்தின் அளவு) இரத்தப் பரிசோதனை செய்தேன். 5.2 என்று கூடுதலாக வந்திருக்கிறது. உடனே பயொப்ஸி (சுரப்பியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டுமா? மனைவி அழுதபடி இருக்கிறார்.

மருத்துவர் பதில்: கடிதத்தின் கடைசியில், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன் சலக்கடுப்பு வந்து மருந்து எடுத்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். கிருமித் தொற்று பி.எஸ்.ஏ.யை நன்றாகவே ஏற்றிவிடும். வயதோடு புரொஸ்டேட் சுரப்பி பருப்பதும் ஏற்றும். முதல்நாள் நிலாவெளி வரை சைக்கிள் மிதித்தாலும் கொஞ்சம் கூடலாம். எண் கூடியவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. எண் சரியாக இருந்தும் புற்றுநோய் உள்ளவர்களும் உண்டு.

அப்படியானால் எதற்கு இந்தப் பரிசோதனை? பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. ஐரோப்பாவில் 23 வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒருவர் வீதம் இந்தப் புற்றுநோயால் சாகாமல் தப்பினார். அந்த ஒருவருக்காக 12 பேருக்குக் கூடுதலாக நோய் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு அது மெல்ல ஊர்ந்து வளரும் வகை. தெரியாமலே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. தெரிந்த பிறகு ஒபரேஷன், கதிர்வீச்சு என்று போய், சலம் கசிவதும் ஆண்மை குறைவதுமாக அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்ப, 78 வயது அப்பாவுக்கு முழு உடல் பரிசோதனையோடு இதையும் செய்து தாளை நீட்டுகிறார்கள். அந்த வயதில் பெரும்பாலும் தேவையில்லாத வேலை.

உங்கள் கதை வேறு. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே பரிசோதித்தது பிழையில்லை, நேரம்தான் பிழை. சலக்கடுப்பு மாறி ஆறு கிழமையாவது போகட்டும். பிறகு அதே லாபில் திரும்பச் செய்யுங்கள். அதற்கு முந்தின இரண்டு நாள் சைக்கிளும் உடலுறவும் வேண்டாம். அப்போதும் கூடவே இருந்தால் ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுங்கள். ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள், முடிந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுத்தான் பயொப்ஸியைப் பற்றி யோசிக்க வேண்டும். வேகம் குறைந்த வகை என்று வந்தாலும், வெட்டாமல் கண்காணித்து வரலாம். இடையில் சலத்தில் இரத்தம் கண்டாலோ, சலம் அடைத்தாலோ, விடாத எலும்பு நோவு வந்தாலோ ஆறு கிழமை பார்த்திருக்க வேண்டாம்.

அண்ணாவிடம், நோய் எந்த வயதில் தெரிந்தது, சுரப்பிக்கு வெளியே பரவியிருந்ததா என்று போனில் கேட்டு, ஒரு துண்டில் எழுதி கிளினிக்குக் கொண்டுபோங்கள்.