சில்வர் பீச்சில் தூண்டில் போட, குறைந்த செலவில் எந்த ராடு வாங்கலாம்?

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கரையில் நின்று எறிய மலிவான ராடு கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஃபைபர் கிளாஸ் வாங்குங்கள். கார்பனைவிடக் கனம்தான், கை வலிக்கும். ஆனால் விலை குறைவு, அடிபட்டாலும் சட்டென்று உடையாது. தூண்டில் அலையைத் தாண்டி விழ ராடு 10 அடி நீளமாவது வேண்டும். கெடிலம் முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு என்றால் 7 அடி போதும்.

மடக்கி நீட்டும் ராடு எனக்குப் பிடிக்காது. மணலும் உப்பும் மூட்டுக்குள் போய் இறுகிவிடும். இரண்டு துண்டாகக் கழற்றுவதே நல்லது. கடையிலேயே ராடில் நரம்பு போகும் வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். இழை மாட்டினால் அந்த ராடு வேண்டாம், தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, அறுத்துவிடும்.

அப்புறம், மிச்சக் காசை நரம்பு சுற்றும் ரீலுக்கு வையுங்கள். உப்பு முதலில் தின்பது அதைத்தான். வீட்டுக்கு வந்ததும் ராடு, ரீல் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள்.