வாசகர் கேள்வி-பதில்: ஊருக்குன்னு ஒதுக்குன பணத்தை எப்படிக் கொடுக்கிறது?

கேள்வி: வணக்கம். எனக்கு 66 வயசு, மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவன். மனைவி அரசு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. ரெண்டு பேருக்கும் பேராவூரணி பக்கம் ஒரே கிராமம், முப்பது வருஷமா கோவையில இருக்கோம். பசங்க செட்டில் ஆகிட்டாங்க, எங்களுக்குப் பென்ஷன் போதும். ஊருக்குன்னு 15 லட்சம் எடுத்து வச்சிருக்கோம். ஊர் முகப்புல வளைவு கட்டிக் கொடுங்க, உங்க பேரு நிலைக்கும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. மனைவி பொம்பளைப் பிள்ளைங்க படிப்புக்குத்தான் கொடுக்கணும்னு நிக்கிறாங்க. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஐயா, உங்க வீட்டம்மா சொல்றதுதான் சரி, அதை முதல்லயே சொல்லிடுறேன். வளைவு வேணாம். படிப்புக்கே கொடுங்க, ஆனா 15 லட்சத்தையும் ஒரே மூச்சுல செலவு பண்ணிடாதீங்க.

போன வருஷம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வராண்டா ஓரமா குடிதண்ணி ஆர்ஓ மெஷின், மேல கிரானைட்ல கொடுத்தவர் பேரு, கீழே குழாய் வாயில சிலந்தி வலை. ஃபில்டர் மாத்துற காசு யாரு கொடுக்கிறதுன்னு தெரியாம நின்னு போயிருக்கு, பிள்ளைங்க வீட்லேருந்து பாட்டில் தூக்கிட்டு வருதுங்க. கொடுத்தவர் நல்ல மனசோடதான் கொடுத்திருக்காரு, மெஷினுக்குப் பணம் வச்சவரு ஃபில்டருக்கு வைக்கல, அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

நம்ம முன்னோர்கள் இதை யோசிச்சிருக்காங்க. சோழர் காலக் கல்வெட்டுல நுந்தா விளக்குக்கு, அதாவது கோயில்ல அணையாம எரியுற விளக்குக்குக் கொடை கொடுத்தா பெரும்பாலும் 96 ஆடுன்னு இருக்கும், அதை "சாவா மூவாப் பேராடு"ன்னு எழுதியிருப்பாங்க, சாகாத கிழடாகாத ஆடுன்னு அர்த்தம். ஒரு ஆடு செத்தா அதோட குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக் கூடாது, ஆட்டை ஏத்துக்கிட்ட இடையர் தினம் உழக்கு நெய் கொண்டு வந்து அளக்கணும். உங்க 15 லட்சம் அந்த 96 ஆடு மாதிரி. அதுல கை வைக்காதீங்க, வர்ற வட்டியில மட்டும் வருஷா வருஷம் கொடுங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. டெபாசிட்ல 7 சதவீதம்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 1,05,000 ரூபா. ஒன்பது பிள்ளைங்களுக்குத் தலைக்குப் பத்தாயிரம் கொடுத்தா 90,000, மிச்சம் 15,000 திரும்பவும் முதலோட சேரட்டும், விலைவாசி ஏற ஏற முதலும் கொஞ்சம் வளரணும் இல்லையா. வருமான வரிச் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது, அறக்கட்டளை வருமானத்துல 85 சதவீதம் தர்ம காரியத்துக்குச் செலவாகணும், 15 சதவீதம் வரை வச்சுக்கலாம்.

இதுக்கு ஒரு பொது அறக்கட்டளை வேணும். பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், டிரஸ்ட் பேருல பான் கார்டு, பேங்க் கணக்கு, அப்புறம் வருமான வரித்துறையில டிரஸ்ட் வருமானத்துக்கு வரிவிலக்கு தர்ற பதிவு, நன்கொடை கொடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை தர்ற பதிவு. ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடிங்க, அலைச்சல் பாதி குறையும். நீங்க போடுற பணத்தை "முதல் நிதிக்கு"ன்னு எழுத்துல குறிச்சுக் கொடுங்க, வாய் வார்த்தை செல்லாது. அந்தப் பணத்தை சட்டம் அனுமதிக்கிற இடத்துலதான் போடணும், பேங்க் டெபாசிட், போஸ்ட் ஆபீஸ், அரசுப் பத்திரம் இப்படி. சொந்தக்காரர் கடைக்கு வட்டிக்குக் கொடுக்கிற பேச்சே வேணாம்.

யாருக்கு எப்போ கொடுக்கிறதுங்கிறதுல கவனமா இருங்க. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பொண்ணு மேல படிக்கப் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வருது, 2022 செப்டம்பர்லேருந்து நடக்குது. அரசு சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் கட்டணமும் இல்ல. அதனால அரசாங்கம் கொடுக்கிறதையே நீங்களும் கொடுக்க வேணாம். அந்த ஆயிரம் காலேஜ்ல சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும், சேர்ற அன்னைக்கு என்ன பண்றது? ஹாஸ்டல் அட்வான்ஸ், யூனிஃபார்ம் துணி, தையக்கூலி, ஷூ, சான்றிதழ் ஜெராக்ஸ், அப்பாவோ அம்மாவோ கூடப் போய் வர்ற ஒரு நாள் கூலி, எல்லாம் ஒரே வாரத்துல வந்து நிக்கும். நகை அடகு வைக்கிறதும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு பொண்ணை வீட்ல உட்கார வைக்கிறதும் அந்த வாரத்துலதான். உங்க பக்கம் 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு தென்னை சாஞ்சப்போ எத்தனை வீட்ல வருமானம் நின்னுச்சுன்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. உங்க பத்தாயிரம் அந்த வாரத்துல கையில இருந்தா ஒரு பொண்ணோட வாழ்க்கையே வேற.

கடைசியா ஆள் விஷயம், எனக்கு இதுலதான் ரொம்பக் கவலை. 96 ஆடு இருந்தும் மேய்க்க ஆள் இல்லேன்னா விளக்கு அணைஞ்சுடும். பச்சையப்ப முதலியார் 1794ல காலமாகும்போது தர்மத்துக்குன்னு பெரிய சொத்தை உயில் எழுதி வச்சாரு, நிறைவேத்த வேண்டியவங்க நிறைவேத்தல, வழக்கு கோர்ட்டுன்னு இழுத்து, மீட்ட பணத்துல பள்ளிக்கூடம் திறந்தது 1842ல, நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு. அதனால டிரஸ்டியா சொந்தக்காரங்களை மட்டும் போட்டு நிரப்பிடாதீங்க. நீங்க ரெண்டு பேரு, ஊர்லயே இருக்கிற ரிட்டயர்ட் டீச்சர் ஒருத்தர், முப்பது நாப்பது வயசுல பொறுப்பான ரெண்டு பேரு, அதுல ஒருத்தராவது பொம்பளையா இருக்கட்டும். ஒருத்தர் விலகினா அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பத்திரத்துலயே எழுதுங்க. யாருக்கு எவ்வளவு போச்சுன்னு கணக்கை வருஷம் ஒரு தடவை கிராம சபையில வாசிச்சுடுங்க, பொண்ணுங்க பேரை மட்டும் வெளியில சொல்ல வேணாம். பிள்ளைங்களைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை உங்க வீட்டம்மாகிட்ட விடுங்க. வார்டுல எத்தனையோ குடும்பத்தைப் பாத்தவங்க, ஒரு தாய் சொல்லத் தயங்கி நிக்கிறதை அவங்களுக்குப் பாத்த உடனே புரியும்.

கேள்வி: நாங்களும் இதே மாதிரி ஒரு டிரஸ்ட் நடத்துறோம். கனடா குடியுரிமை வாங்கின எங்க மகள் அங்கேருந்து பணம் அனுப்புறேங்கிறா. வாங்கிக்கலாமா?
– ஒரு தம்பதி, திருச்சி

பதில்: அவசரப்படாதீங்கம்மா. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க சொந்த சேமிப்பை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிடுச்சுன்னா இந்திய வம்சாவளிக்குத் தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ சட்ட அனுமதி இல்லாத டிரஸ்ட் அதைத் தொடவே கூடாது. அந்தப் பதிவுக்கு பொதுவா டிரஸ்ட் மூணு வருஷமாவது இயங்கியிருக்கணும். அதுவரைக்கும் அந்த அனுமதி இருக்கிற ஒரு நல்ல அமைப்புக்கு மகள் நேரா கொடுக்கட்டும்.

கேள்வி: எங்ககிட்ட லட்சமெல்லாம் இல்ல. நானும் வீட்டுக்காரரும் சீட்டு போட்டு 25,000 சேத்திருக்கோம். இதுக்கெல்லாம் ஒரு வழி இருக்கா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: இருக்கு தாயி, இதுக்காக டிரஸ்ட் எல்லாம் பதிவு பண்ணிக்கிட்டு இருக்காதீங்க, செலவே உங்க பணத்தைத் தின்னுடும். உங்க ஊர் அரசு நூலகத்துல ஆயிரம் ரூபா கட்டி புரவலரா சேருங்க. மிச்சத்தை வச்சுக்கிட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துல மேலாண்மைக் குழு கூட்டம் நடக்கிற அன்னைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போய் உட்காருங்க, பணம் இருக்குன்னு எடுத்த எடுப்புல சொல்ல வேணாம். பிள்ளைங்களுக்கு என்ன குறைன்னு கேளுங்க, டீச்சரைக் கேளுங்க, சத்துணவு சமைக்கிற அம்மாவையும் கேளுங்க. ரெண்டு மூணு கூட்டம் போயிட்டு வந்து எனக்கு ஒரு கடுதாசி போடுங்க, சேர்ந்து யோசிப்போம்.